ஆண் பனை நூற்று நாற்பத்து மூன்று

என் கட்சிக்காரருக்கு முகம் கிடையாது.
பின்கோடு உண்டு.
எதிர் நாற்காலியில் உட்கார்ந்து
ஒருநாளும் அழுததில்லை,
ஃபீஸைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சியதில்லை.
மூன்று பிரதியில் பில் அனுப்பினால்
இரண்டு வருஷம் கழித்து
அதுவே குறைத்துக்கொள்ளும்.
வக்காலத்தில் அதன் பெயர் நான்கு வரி வரும்.
கீழே ஒரு அண்டர் செக்ரட்டரியின் கையெழுத்து,
அவர் கடலைப் பார்த்திருப்பாரோ என்னவோ.

வழக்குச் சொத்து:
இராமநாதபுரம் மாவட்டம், என்மனங்கொண்டான் கிராமம்.
இந்தப் பெயரை
சிரிக்காமல் வாசிக்கப் பழக
எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

ஓடுபாதை நீள்கிறது.
நீளும் வழியில் பனைகள்.
நில எடுப்பு அதிகாரி வந்து எண்ணினார்,
சிவப்புப் பெயிண்டால் எண் போட்டார்.
பெண் பனை இருநூற்றுப் பதினொன்று, மர விலை.
ஆண் பனை நூற்று நாற்பத்து மூன்று,
காய்ப்பு இல்லை,
விறகு விலை.

போன பங்குனியில் என்னிடம் கருத்து கேட்டார்கள்.
கருத்து என்றால்
நீதிமன்றத்துக்குக் கேட்காமல்
அரசின் காதில் சொல்வது.
ஆறு பக்கம் எழுதினேன். ஒன்பதாம் பத்தி:
அலகு சீவினால் ஆண் பனையும் பதனீர் தரும்,
இந்தக் கரையில் குழந்தைக்கும் இது தெரியும்,
வழக்கு நிற்காது,
கொடுத்துவிடுவதே மரியாதை.
நாலு மாதம் கழித்து ஒன்றரை வரி வந்தது.
கருத்து பார்வையிடப்பட்டது.
வழக்கை நடத்தவும்.

நடத்தினேன்.

சார்பு நீதிமன்றம், மாசி வெயில்.
கூண்டில் பொன்னுக்கனி,
212/4பி-யின் சொந்தக்காரி.
அவளுக்கு ஆஜரானது ஒரு மதுரைப் பையன்,
பனையைப் பஸ் ஜன்னலில் பார்த்தவன்.

"ஆண் பனையில் நுங்கு உண்டா?"
"இல்ல."
"பனம்பழம்?"
"அதெப்புடி இருக்கும்?"
"கிழங்கு போடக் கொட்டை?"
"இல்லய்யா."

அடுத்த கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது.
அதைக் கேட்பது என் வேலை இல்லை.
கேட்க வேண்டியவன்
கட்டை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தான்.
ஒன்பதாம் பத்தி என் பீரோவில்,
பீரோச் சாவி என் சட்டைப் பையில்.
அதை வெளியே சொன்னால்
நாளைக்கு எந்த அரசும் எந்த வக்கீலிடமும்
உண்மையைக் கேட்காது.
சொல்லாவிட்டால்,
இந்த வாக்கியத்தை நான் முடித்ததே இல்லை.

"வேறு கேள்வி இல்லை" என்றேன்.

அவள் இறங்கவில்லை.
கட்டையைப் பிடித்தபடி நீதிபதியிடம் சொன்னாள்:
"காயக் கேட்டாரு, சொன்னேன்.
கலயத்தக் கேக்கலியே இந்த ஐயா.
தையில மொதக் கலயம் ஆம்பளப் பனையிலதான் கட்டுவோம்.
பொம்பளப் பனை பாளை விடுற வரைக்கும்
அடுப்பு எரிஞ்சது அதுலதான்."

சட்டப்படி நான் எழவேண்டிய இடம்.
கேட்காத கேள்விக்குப் பதில், நீக்குங்கள் என்று
சொல்லவேண்டிய இடம்.
என் பேனா மேஜைக்கு அடியில் கிடந்தது.
உருண்டதா உருட்டினேனா,
டெல்லி கேட்டால் உருண்டது.
குனிந்து தேடினேன்.
தட்டச்சு ஓய்ந்தபின் கிடைத்தது.

மாலை அறிக்கை அனுப்பினேன்:
சாட்சி தானாகக் கூறியது பதிவு செய்யப்பட்டது.
ஆட்சேபம் எழுப்பப்படவில்லை.
யாரால் என்பது
செயப்பாட்டு வினையில் தெரியாது.
அரசாங்கத்துக்கு அந்த வினையைப் பிடிக்கும்.
எனக்கும்.

பிறகு ஆத்தங்கரை வரை வண்டியை ஓட்டினேன்.
வைகை அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும்,
மணல்தான் வந்திருந்தது.
திரும்பும் வழியில் கம்பி வேலி,
உள்ளே எண் போட்ட மரங்கள்.
எண்பத்தெட்டாம் மரம் ஆண்.
உச்சியில் சுண்ணாம்பு தடவிய புதுக் கலயம்,
ஈ மொய்த்து.

வேலிக்குள் ஏறியது அத்துமீறல்.
கட்சிக்காரருக்கு நான் தெரிவிக்க வேண்டும்.
தெரிவிப்பேன்,
கருத்து கேட்டால்.